வழியோடு போனவரின் உயிருக்குப் பொறுப்பேற்கக் கோரி: அனகாபுத்தூர் குடியிருப்போர் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அனகாபுத்தூர் குடியிருப்போர் சங்கத்தினர்,
பல்லாவரம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
1. அரசுச் செயலாளர் அவர்கள், உள்துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், செங்கல்பட்டு.
3. காவல் ஆணையர் அவர்கள், தாம்பரம் மாநகரக் காவல்.
4. ஆணையர் அவர்கள், தாம்பரம் மாநகராட்சி.
5. செயலாளர் அவர்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, செங்கல்பட்டு.

பொருள்: பொது இடங்களில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டிலும் வெடிகுண்டு வீச்சிலும் சம்பந்தமில்லாமல் பலியாகும் பொதுமக்களின் குடும்பங்களுக்கு உடனடி நிவாரணம், சிகிச்சை, சாட்சிப் பாதுகாப்பு, விரைந்த விசாரணை ஆகியவற்றை உறுதிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1986 நவம்பர் 1, தீபாவளித் திருநாள். சென்னை சூளைமேட்டில் தங்கியிருந்த ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியைச் சேர்ந்த சிலருக்கும் அப்பகுதி மக்களுக்கும் தகராறு மூண்டது. அதில் துப்பாக்கி வெடித்து, அதே பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். ஒரே வாரத்தில், நவம்பர் 8 அன்று, தமிழ்நாடெங்கும் ஈழப் போராளிக் குழுக்களின் ஆயுதங்களைக் காவல்துறை பறிமுதல் செய்தது. ஆயுதத்தைக் கைப்பற்ற ஒரு வாரம் போதுமாயிருந்தது. நீதிக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான டக்ளஸ் தேவானந்தாவை 1994இல் சென்னை நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தது. பின்னாளில் அவர் இலங்கையில் அமைச்சரானார். 2010 ஜூன் மாதம் இலங்கை அதிபருடன் டெல்லிக்கு வந்து திரும்பினார். அவரைக் கைதுசெய்யக் கோரி அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுவும் தாக்கலானது. தீர்ப்பு வரும்வரை எவரையும் குற்றவாளி என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் பண்டிகை நாளில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்துக்கு, குற்றம் யாருடையது என்று நீதிமன்றம் சொல்லக் கேட்கும் உரிமை உண்டு. ஒரு தலைமுறை முழுவதும் அந்த உரிமை காத்துக்கிடந்தது.

சூளைமேடு பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள்மீது காவல்துறை நடத்தத் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். போராட்டம் மையம் கொண்டிருந்த ஆட்சியர் அலுவலகத்துக்கு வெகுதொலைவில், கடலோரத் திரேஸ்புரத்தில் ஒரு பெண்ணும் குண்டுக்கு இரையானார். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த துப்பாக்கிச் சுடுதளத்திலிருந்து பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்தான்.

இம்மூன்று நிகழ்வுகளிலும் துப்பாக்கி பிடித்தவர் வேறு, காரணம் வேறு. இறந்தவர்களின் நிலை ஒன்றே. ஒரு குழுவைச் சேர்ந்தவர் கொல்லப்பட்டால் அந்தக் குழு பேசும். கட்சிக்காரர் கொல்லப்பட்டால் கட்சி சாலையில் அமரும். எந்தப் பக்கமும் சேராமல், பால் வாங்கவோ பேருந்து ஏறவோ தெருவுக்கு வந்தவர் இறந்தால் அவருக்காகப் பேச ஆளில்லை. "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனார்?" என்ற கேள்வியைத்தான் வீட்டார் எதிர்கொள்கிறார்கள். தெரு பொதுச்சொத்து. அதில் நடக்க எவரும் காரணம் சொல்லவேண்டியதில்லை. ஆள் பலமில்லாத அந்தக் குடும்பத்துக்கு அரசே ஆளாக நிற்கவேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

இதை அனகாபுத்தூரிலிருந்து ஏன் எழுதுகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். நெசவுத் தறிகளால் பெயர்பெற்ற எங்கள் ஊர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் இயங்குகிறது. பல்லாவரம் – குன்றத்தூர் சாலைதான் எங்களுக்குக் கடைத்தெரு, பள்ளிக்கூட வழி, பேருந்து நிறுத்தம் எல்லாம். ஷேர் ஆட்டோவுக்கு நிற்பவர்களும், சைக்கிளில் போகும் பிள்ளைகளும், தள்ளுவண்டிக்காரர்களும் தோளோடு தோள் உரசிச் செல்லும் சாலை அது. அங்கே ஒரு குண்டு வெடித்தால் அது குறிவைத்தவரோடு நிற்காது.

இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில் கூடுவாஞ்சேரி அருகே வாகனச் சோதனையின்போது காவல்துறையினர் சுட்டதில் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 29 அன்று வண்டலூரில் ஊராட்சி ஒன்றியத் துணைத் தலைவர் ஒருவர், நாட்டு வெடிகுண்டு வீசப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டும் எங்கள் மக்கள் வேலைக்குப் போய்வரும் தென்சென்னைப் புறநகரில் நடந்தவை.

ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

1. நிவாரணம் தீர்ப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.
தூத்துக்குடியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலில் 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டு, பின்னர் 20 லட்சமாக உயர்த்தப்பட்டது. நார்த்தாமலைச் சிறுவனின் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிக்கப்பட்டது. கொடுத்ததை நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால் மக்கள் கொந்தளிப்பைப் பொறுத்துத் தொகை கூடுவதும் குறைவதும் முறையாகாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு இதற்கு வழி வகுத்துள்ளது. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரலாம். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்கவேண்டும். துக்க வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்காது. எனவே மனு எழுதித் தருவதற்குச் சட்டத் தன்னார்வலர் ஒருவரை, சம்பவம் நடந்த ஒரு வாரத்துக்குள் ஆணைக்குழுவே அக்குடும்பத்தின் வீட்டுக்கு அனுப்பவேண்டும்.

2. காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரக் கட்டணமில்லாச் சிகிச்சை வேண்டும்.
"இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நமது மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்குத் தனியார் மருத்துவமனையிலும் அது கைகொடுக்கிறது. அதே சாலையில் குண்டடிபட்டு விழுந்தவருக்கும் அதை விரிவுபடுத்தவேண்டும். இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது முன்பணம் கேட்பதும், போலீஸ் வரட்டும் என்று காத்திருப்பதும் கூடாது. காவல்துறை நடைமுறைகளுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே கூறிவிட்டது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் வட்டார மருத்துவமனைகள் அனைத்துக்கும் இதை நினைவூட்டி ஆட்சியர் சுற்றறிக்கை அனுப்பவேண்டும். மேற்சொன்ன 396ஆம் பிரிவின்படி இடைக்கால உதவிக்குக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் சான்று போதும். அச்சான்றை அன்றைய தினமே வழங்கக் காவல் ஆணையர் உத்தரவிடவேண்டும்.

3. சாட்சி சொல்பவர் அஞ்சாமல் வாழ வழி செய்யவேண்டும்.
தெருவில் நடந்ததைத் தெருவில் இருந்தவர்கள்தான் சொல்ல முடியும். கடைக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் மறுநாளும் அதே இடத்தில்தான் பிழைப்பு. உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும், புதிய சட்டத்தின் 398ஆம் பிரிவும் காகிதத்தில் நிற்காமல் இருக்க, பாதுகாப்பு கோரும் மனுவை எங்கே, யாரிடம் கொடுப்பது என்ற அறிவிப்பைச் சங்கர் நகர் உள்ளிட்ட ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் தமிழில் வைக்கவேண்டும். காயம்பட்டவரைத் தூக்கிச் சென்றவரை நிலையத்தில் உட்காரவைத்து அலைக்கழிக்கக் கூடாது.

4. விசாரணையும் வழக்கும் இழுபடக் கூடாது.
புலனாய்வின் நிலையை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்ட தரப்புக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அதே புதிய சட்டத்தின் 193ஆம் பிரிவு சொல்கிறது. அதை எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். எதிரி தலைமறைவானால், சாட்சிகளின் நினைவு மங்குவதற்குள் 335ஆம் பிரிவின்கீழ் வாக்குமூலங்களைப் பதிவுசெய்யவேண்டும். கொலை போன்ற பெருங்குற்றங்களில், தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவர் இல்லாமலேயே விசாரணை நடத்த 356ஆம் பிரிவு இடமளிக்கிறது. புதிய வழக்குகளில் அரசு வழக்கறிஞர்கள் இதைத் தயங்காமல் கோரவேண்டும். சூளைமேடு வழக்கின் இன்றைய நிலையை உள்துறை பொதுவெளியில் வைக்கவேண்டும்.

5. காவல்துறையின் துப்பாக்கிக்கும் கணக்கு வேண்டும்.
குற்றவாளியைப் பிடிக்கும் பணியின் ஆபத்தை நாங்கள் அறிவோம். இரவு பகலாக ரோந்து வரும் காவலர்கள்மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. ஆயினும் கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல் ஆகியவற்றில் சுடுவதைத் தவிர்க்கத் தெளிவான எழுத்துக் கட்டளை வேண்டும். காவல்துறை சுட்டு மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை, சுதந்திரமான புலனாய்வு, நடுவர் விசாரணை ஆகியவை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்த நெறிமுறைகள், இறந்தவர் வழிப்போக்கராக இருக்கும்போது இன்னும் கண்டிப்புடன் பின்பற்றப்படவேண்டும். செங்கல்பட்டை அடுத்த ஒத்திவாக்கம் உள்ளிட்ட மாவட்டச் சுடுதளங்களின் பாதுகாப்பை ஆட்சியர் ஆய்வுசெய்து அறிக்கை வெளியிடவேண்டும்.

6. கள்ளத் துப்பாக்கியும் நாட்டு வெடிகுண்டும் தெருவுக்கு வரும் முன்பே தடுக்கப்படவேண்டும்.
2019இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம், கள்ள ஆயுதக் கடத்தலுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்று கடுமையாக்கியுள்ளது. ஆயுதம் வைத்திருந்தவரைப் பிடித்ததோடு நிறுத்தாமல், விற்றவர்வரை வழக்கு போகவேண்டும். எங்கள் சாலையில் பழுதான தெருவிளக்குகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் மாநகராட்சியும் காவல்துறையும் சேர்ந்து சரிசெய்யவேண்டும். தகவல் தருபவரின் பெயர் எக்காரணம் கொண்டும் வெளிவரக் கூடாது.

இக்கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் பிரிவுகளை, இருக்கும் அலுவலர்கள், உரிய நாளுக்குள் செயல்படுத்தினால் போதும். தாம்பரம் ஆணையரகத்தில் இதைத் தொடங்கினால் மாநிலம் முழுவதற்கும் அது முன்மாதிரியாகும்.

காவல்துறை, வருவாய்த்துறை, சுகாதாரத்துறை, மாநகராட்சி, சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றின் அலுவலர்களோடு குடியிருப்போர், நெசவாளர், வணிகர், ஆட்டோ ஓட்டுநர் பிரதிநிதிகள் பங்கேற்கும் கூட்டம் ஒன்றை ஆட்சியர் தலைமையில் ஒரு மாதத்துக்குள் கூட்டுமாறும், மேற்கண்ட ஒவ்வொரு கோரிக்கைமீதும் எடுத்த முடிவை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்களால் ஆன ஒத்துழைப்பை முழுமனதோடு தருவோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
அனகாபுத்தூர் குடியிருப்போர் சங்கத்தினர்.

இடம்: அனகாபுத்தூர்
இணைப்பு: பொதுமக்கள் கையொப்பப் படிவங்கள்