கம்பம் ஏறுமுன் கல்வி!

2018-இல் கசாப் புயல் காவிரிப் படுகையைச் சூறையாடியபோது வீழ்ந்த மின்கம்பங்கள் 1 இலக்கத்திற்கும் மேல். அவற்றை மீண்டும் நிமிர்த்தியவை உழைப்பாளர் தோள்களே! ஒளி கண்டு ஊர் மகிழ்ந்தது. கம்பம் ஏறியவன் பெற்ற பயிற்சி யாதென வினவியவர் எத்தனை பேர்?

மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் கம்பியை நம்பலாகாது. எங்கோ ஒரு வீட்டில் முறையின்றி இணைத்த மின்னாக்கி, பின்வழியே அதற்கு உயிரூட்டிவிடும். ஆதலின், மின்னை நிறுத்துதல், கருவிகொண்டு ஆய்தல், பணியிடத்தின் இருபுறமும் நிலத்தொடுப்பிடுதல் ஆகிய மூன்றும் கைப்பழக்கமாகும் வரை எவரையும் மேலேற்றுதல் குற்றமே. ஒப்பந்தக் கூலியாளுக்கும் இஃது ஒக்கும். மின்னுக்கு நிலைப்பணியாளன், கூலியாள் என்னும் வேற்றுமை தெரியாது!

அப்பயிற்சி அவன் தாய்மொழியிலேயே நிகழ்தல் வேண்டும். விளங்காத ஓர் எச்சரிக்கைச் சொல்லுக்கு அவன் உயிரே விலையாகும். இடைவாரும் கையுறையும் ஈவது கடமையின் பாதி, கற்பிப்பதே மறுபாதி!