எழுதப்படாத விபத்து

சங்கக் காரியாலயத்துக்கு வந்த தோழர் ஒருவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாதம்பைப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் பல வருடங்களாகத் தேங்காய் பறித்தவர், காய் சுமந்தவர். அவருடைய வலது மேற்கையில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இரவில் கால் உதறுவதில் தூக்கமும் கெட்டுவிடுகிறதாம். குடித்துவிட்டு வருகிறான் என்று தோட்டத்தில் பேர் போட மறுத்தார்கள். வீட்டில் கழிப்புக் கழித்துப் பார்த்தார்கள். அவர் குடிக்கிறவரல்ல. நான்கு மாதத்துக்கு முன், மழை ஈரத்தில், சாக்கோடு சறுக்கி விழுந்தவர். வைத்தியசாலையில் சொன்ன பிறகுதான் கழுத்து டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரிந்தது.

கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. அவற்றுக்கிடையே மெத்தைபோல் இருப்பதுதான் டிஸ்க். அது பிதுங்கிக் கைக்குப் போகும் நரம்பை அழுத்தினால் தோளிலிருந்து விரல்வரை வலி ஓடும், விரல் மரத்துப்போகும், பிடி தளரும், தசை துடிக்கும். முள்ளந்தண்டு நாணையே அழுத்தினால் இன்னும் மோசம்: கால் விறைத்துத் தானாக வெட்டி இழுக்கும், நடை தடுமாறும், சட்டைப் பொத்தான் போட வராது. தடுமாறும் நடையைப் பார்த்துத்தான் கள்ளுக் கதை கட்டுகிறார்கள்.

நம் வேலையை நினைத்துப் பாருங்கள். மூங்கில் தடிகளை நீளத்துக்குப் பொருத்தி, நுனியில் கத்தி கட்டி, அண்ணாந்தபடியே மரம் மரமாக நடக்கிறோம். பிறகு குனிந்து பொறுக்குகிறோம், சாக்கைத் தோளிலும் பிடரியிலும் ஏற்றுகிறோம். ஓர் ஆண் தொழிலாளி தனியாகச் சுமக்கக்கூடியது அதிகபட்சம் 55 கிலோ என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967 இலேயே பரிந்துரைத்தது. நம் சாக்குகளை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

வலி என்றதும் எண்ணெய் போட்டுக் கழுத்தை நெட்டி முறிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. விழுந்த கழுத்தை அப்படிச் செய்யவே கூடாது. பிதுங்கிய டிஸ்க் மேலும் நெருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே, மருந்தாலும் பயிற்சியாலும், சில வாரங்களில் குறைந்துவிடுகிறது என்பது ஆறுதல். ஆனால் கை கால் பலமிழந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றே சிலாபம் அல்லது புத்தளம் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாண் நெடுநாள் நசுங்கினால் போன பலம் முழுதாகத் திரும்பாமலே போகலாம். தசைத் துடிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. எது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், கங்காணி அல்ல.

இனி நட்டஈடு. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தென்னந்தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. ஆனால் அது கேட்பது வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தை. கால் முறிந்தால் ஊரே சாட்சி. கழுத்தோ விழுந்த அன்று சும்மா வலிக்கும், பிறகுதான் கை துடிக்கும். அதற்குள் நிர்வாகம், "இது வயதுக் கோளாறு" என்று கையை விரித்துவிடும். ஆகவே சிறிய விழுகையானாலும் அன்றே தோட்டக் காரியாலயத்தில் எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நின்றவர் பெயரையும் சேருங்கள். எழுதத் தெரியாதவருக்குத் தோட்டக் கமிட்டித் தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அது அவர் கடமை. வைத்தியரிடமும் எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்று சொல்லித் துண்டில் பதியச் செய்யுங்கள். "சும்மா வலி" என்று சொன்னால் துண்டிலும் சும்மா வலிதான் இருக்கும்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல: சாக்கின் நிறைக்கு ஓர் எல்லை, தடி பிடிப்பவருக்கு இடையிடையே ஓய்வும் ஆள் மாற்றமும், கழுத்து அடிபட்டவருக்கு வைத்தியர் சொல்லும்வரை பேர் குறையாமல் இலகு வேலை. கேரளத்தில் தென்னை ஏறுவோருக்கு 2011 முதல் தென்னை அபிவிருத்திச் சபை பயிற்சியும் விபத்துக் காப்புறுதியும் கொடுத்து வருகிறது. காயின் விலை ஏறும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் காய் பறிக்கும் கழுத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

அந்தத் தோழரின் நட்டஈட்டு விண்ணப்பத்தைச் சங்கம் தயாரித்து வருகிறது. வைத்திய அறிக்கை கிடைத்துவிட்டது. விழுந்த நாளின் பதிவு மட்டும் இல்லை. அன்று அவரோடு காய் சுமந்த இரண்டு பேர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள்.