எழுத்துப் பிழை அப்படியே இருக்கு... வலி மட்டும் எப்படி நின்றது?

டிஎன்ஏ என்றதும் பள்ளிப் பாடத்தில் பார்த்த முறுக்கிய ஏணிதான் ஞாபகம் வரும். ஏ, டி, ஜி, சி என நாலு எழுத்து. அதில் பிழை வந்தால் நோய். பலரும் அதோடு நிறுத்திக்கொண்டோம். கிட்டத்தட்ட ஜாதகம் மாதிரி, எழுதினது எழுதினதுதான்!

இந்தக் கணக்கைக் கலைத்துப் போடுகிறது அரிவாள் செல் ரத்தசோகை. ஹீமோகுளோபின் மரபணு ஒன்றில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. ஒரே எழுத்துதான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்துவிட்டால், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி.

ஆனால், இந்தப் பிழையோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். காரணம், கருவிலிருந்தே அதன் உடம்பில் ஓடுவது வேறொரு மரபணு தரும் 'சிசு ஹீமோகுளோபின்'. பிறந்த பிறகு அந்த மரபணு மெல்ல மூடப்படுகிறது. அழிவதில்லை, எழுத்தும் மாறுவதில்லை. மூடப்படுகிறது, அவ்வளவுதான்.

எப்படி? இங்கேதான் டிஎன்ஏவின் வடிவம் வேலை செய்கிறது. ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர். கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அது புரத உருண்டைகளைச் சுற்றி, மடிந்து மடிந்து கிடக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய பகுதியைச் செல்லால் படிக்க முடியாது. ஹீமோகுளோபின் மரபணுக்கள் 11-வது குரோமோசோமில் வரிசையாக இருக்க, அவற்றை முடுக்கும் ஸ்விட்ச் பல ஆயிரம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. டிஎன்ஏ வளையமாக மடியும்போதுதான் ஸ்விட்ச் மரபணுவிடம் வந்து சேரும். கருவில் அது சிசு மரபணுவிடம் போகிறது. பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற புரதம் அதைத் தடுத்துவிட, ஸ்விட்ச் அடுத்த மரபணுவுக்குத் தாவுகிறது. பிழை இருப்பது அதில்தான்.

2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த 'காஸ்கெவி' சிகிச்சை அந்தப் பிழையைத் தொடுவதே இல்லை. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, கிரிஸ்பர் கத்தரியால் பிசிஎல்11ஏ உற்பத்தியைக் குறைத்துத் திரும்பச் செலுத்துகிறார்கள். சிசு மரபணு மறுபடி திறந்துகொள்கிறது. பரிசோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஒரு வருஷமாவது கடும் வலி வரவில்லை.

விலை? அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். நம்ம பணத்தில் 18 கோடி ரூபாய்க்கும் மேல்.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். 2047-க்குள் இதை ஒழிக்க 2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்து, மரபணு நிலை அட்டை தருவது இலக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அட்டை சொல்வது எழுத்தை மட்டும்தான். கல்யாணப் பொருத்தம் பார்க்க அது உதவும். ஏற்கெனவே வலியில் துடிப்பவருக்கு?

ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய, விலை குறைந்த கேப்ஸ்யூல் இருக்கிறது. 18 கோடி சிகிச்சை அளவுக்கு இல்லாவிட்டாலும், பலருக்கு அதே சிசு ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டுகிறது. டோஸைச் சரிபார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். அட்டை கொடுக்கிற கையோடு, இந்த ரெண்டும் மலைக் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாசாமாசம் தடையில்லாமல் கிடைக்கணும். மாத்திரை வாங்க மலை இறங்கி வரணும் என்றால், பாதிப் பேர் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.