கரை சேர்ந்த பின்னும் தீராத அச்சம்

விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

உயிருக்கு ஆபத்து நேர்ந்த வேளை கடந்த பிறகும் உடலும் மனமும் அதிலிருந்து மீளாத நிலையே பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல். கண்ட கொடுமை கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனிதர் தவிர்ப்பார். கதவு அடித்தாலும் திடுக்கிடுவார். ஒரு மாதத்துக்கு மேல் இது நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவம் இதை நோயாகக் கணக்கிடுகிறது.

இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த தமிழர் படுகொலைக்குப் பின், இத்தகைய அதிர்ச்சியைச் சுமந்து ஈழத் தமிழர் படகேறித் தமிழகம் வந்தனர். 1990-லும் 2006-லும் போர் மீண்டும் மூண்டபோது மேலும் பலர் வந்தனர். மண்டபம் முகாமில் பதிவு முடிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள மொட்டமலை முகாம் அவற்றில் ஒன்று. 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடியில் இறங்கியவர்களும் பெரும்பாலும் போர் தின்ற வடபகுதியிலிருந்து வந்தவர்களே.

இந்நோயைப் பழைய போரோடு மட்டும் முடிச்சுப் போடுவது தவறு. ஆஸ்திரேலியாவில் தமிழ் அகதிகளிடமும் புகலிடம் கோரியவர்களிடமும் நடத்தப்பட்டு 1999-ல் வெளியான ஆய்வு, வந்த நாட்டில் படும் அலைக்கழிப்பும் நோய்க்குறிகளைக் கூட்டுவதைக் காட்டியது. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பயன் தரும் நாடுகளின் பட்டியலிலும் இலங்கை இல்லை. நாளை என்ன ஆகும் என்று தெரியாதவருக்கு நேற்றைய அச்சம் எப்படித் தணியும்? யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இப்பாதிப்பு தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் குலைப்பதைப் பதிவு செய்துள்ளார்.

விருதுநகர் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இது பட்டாசு பூமி. திருவிழா வாணவேடிக்கையும் ஆலை வெடிவிபத்தும் ஷெல் விழுந்த இரவை ஒரு நொடியில் எழுப்பிவிடும்.

பாதிக்கப்பட்டவர் மருத்துவரிடம் போர்க்கதையைச் சொல்லித் தொடங்குவது அரிது. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, ஒரே யோசனை என்பார். வலி மாத்திரையோடு திரும்புவார். அதிர்ச்சி நினைவைப் பாதுகாப்பான சூழலில் பேசிக் கடக்க உதவும் உளவியல் சிகிச்சையே இதற்கு முதன்மையானது. மருந்து துணை நிற்கும்.

2021-ல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டு, 317 கோடி ரூபாய்த் திட்டத்தையும் அறிவித்தது. வீடு அவசியம், மறுவாழ்வு அதோடு நிறைவதில்லை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் மாதம் ஒருமுறையாவது மொட்டமலைக்கு வர வேண்டும். முகாம் பெண்களிலும் இளைஞர்களிலும் சிலருக்கு ஆற்றுப்படுத்தும் பயிற்சி தந்து, ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். நோயாளி சொன்னது காவல்துறைக் கோப்புக்குப் போகாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும். அது இல்லாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இம்மூன்றுக்கும் ஆட்சியர் ஆணை பிறப்பிக்க வேண்டும்.