சீட்டுப் பணம் குறிகட்டுவானைக் கடக்குமா?

வரி என்று கேட்டால் மக்கள் முகஞ்சுளிப்பர். அதே பணத்தை அதிர்ஷ்டத்தின் பெயரால் கேட்டால் தாமாகவே முன்வந்து கொடுப்பர். இந்த உண்மையை நன்குணர்ந்தே உலகின் பல அரசுகள் அதிர்ஷ்டலாபச் சீட்டு வியாபாரத்தைத் தமது கையில் வைத்திருக்கின்றன. இலங்கை அரசும் அதற்கு விதிவிலக்கல்ல.

1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் உருவானது தேசிய லொத்தர் சபை. 1997ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது அபிவிருத்தி லொத்தர் சபை. முன்னையதன் வருமானம் அரச கருவூலத்துக்குச் செல்கிறது. பின்னையதன் வருமானம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மஹாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் செல்கிறது. நோயாளிக்கு மருந்து, ஏழை மாணவனுக்குப் படிப்பு என்ற நல்ல நோக்கங்களே இவ்வியாபாரத்துக்கு நியாயமாகச் சொல்லப்படுகின்றன.

ஆனால், அந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார்? கொழும்பின் மாடிவீடுகளில் வாழ்வோர் சீட்டுக் கடைக்கு வருவது அரிது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவரே பெரும்பாலும் சீட்டு எடுக்கிறார். நீண்டகாலம் 20 ரூபாவாக இருந்த சீட்டின் விலை 2017 இல் 30 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விற்பனை சரியவே, அதே ஆண்டில் பழைய விலைக்கே இறக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 இல் அது 40 ரூபாவாகியது. நாளுக்கு ஒரு சீட்டு எடுக்கும் கூலித் தொழிலாளி ஆண்டொன்றுக்கு 14,600 ரூபாவை இவ்வழியில் அரசுக்குச் செலுத்துகிறார். அவர் அதனை வரி என்று எண்ணுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அவருக்குள்ள வாய்ப்பு எத்தகையது? ‘மகாஜன சம்பத’ சீட்டின் முதற்பரிசுக்கு ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் பொருந்த வேண்டும். அதாவது 2 கோடியே 60 இலட்சத்தில் ஒன்று. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மொத்த மக்கள் தொகையே ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சந்தான்.

நமது தீவகத்தை எடுத்துக்கொள்வோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்கும் ஒரு கடற்றொழிலாளியின் சட்டைப் பையிலும் இத்தகைய சீட்டொன்று இருக்கலாம். அந்தச் சீட்டின் பணம் எந்தத் தடையுமின்றிக் கடல் கடந்து, தாம்போதி கடந்து கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்பணம் உதவியாக அவரிடம் திரும்பி வருகிறதா என்பதே நமது கேள்வி.

1978 இல் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியத்தின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று வறுமை நிவாரணம். ஆயினும், கடந்த காலத்தில் அரசியல்வாதிகள் பலர் தமது மருத்துவச் செலவுகளுக்காக அந்நிதியத்திலிருந்து பெருந்தொகைகளைப் பெற்றிருந்தனர் என்ற விபரத்தை 2024 டிசெம்பரில் அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸ பாராளுமன்றத்தில் பெயர்ப்பட்டியலுடன் வெளியிட்டார். ஏழையின் நாற்பது ரூபா எங்கு போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிதியத்தின் உதவிக்குப் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கும் நடைமுறை 2025 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அறிவிப்பு வேறு, நடைமுறை வேறு. நயினாதீவு வாசி ஒருவர் வேலணைப் பிரதேச செயலகத்துக்குச் செல்வதாயினும் கடலைக் கடந்து குறிகட்டுவானுக்கு வந்தாக வேண்டும். நெடுந்தீவில் பிரதேச செயலகம் இருப்பினும், பாரிய சத்திரசிகிச்சைக்கோ விசேட வைத்திய நிபுணரின் சான்றிதழுக்கோ யாழ். போதனா வைத்தியசாலையையே நாட வேண்டும். காற்றும் கடல் கொந்தளிப்பும் மிகுந்த நாள்களில் படகு ஓடாது. ஒரு கடிதத்துக்காக நோயாளி இருமுறை கடல் கடக்க நேர்ந்தால், பரவலாக்கம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

அயல்நாட்டு அனுபவம் இரு வழிகளைக் காட்டுகிறது. தமிழகத்தில் 1968 இல் அண்ணாவின் ஆட்சியில் அரசு பரிசுச்சீட்டுத் தொடங்கப்பட்டது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அன்றைய முழக்கம். வீட்டுக்கு விழாமலே போன குடும்பங்களின் அவலம் பெருகியதால் 2003 இல் அங்கு சீட்டுகள் அனைத்தும் தடை செய்யப்பட்டன. 1967 இல் தொடங்கிய கேரளமோ இன்றும் சீட்டை நடத்துகிறது. ஆனால், ‘காருண்யா’ என்ற பெயரில் சீட்டு வருமானத்தை ஏழைகளின் சிகிச்சைக்கென ஒதுக்கும் திட்டத்தை அது வகுத்தது. எந்தச் சீட்டின் பணம் எதற்குப் போகிறது என்பதை வாங்குபவர் அறிய வழி பிறந்தது.

இலங்கை அரசு சீட்டை நிறுத்தும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. வருமானத்துக்கு அலையும் கருவூலம் அதற்கு ஒருபோதும் இணங்காது. ஆனால், கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்குண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் எவ்வளவு பெறுமதியான சீட்டு விற்கப்பட்டது, அதே மாவட்டத்துக்கு எவ்வளவு உதவி வழங்கப்பட்டது என்ற இரு தொகைகளும் ஆண்டுதோறும் அருகருகே வெளியிடப்பட வேண்டும். விண்ணப்பங்கள் தமிழில் ஏற்கப்பட்டுத் தமிழிலேயே பதில் அனுப்பப்பட வேண்டும். தீவக வைத்தியசாலைகளிலேயே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பும் ஒழுங்கு வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை, மனம் இருந்தால் போதும். பரிசு விழுவதும் விழாததும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். நோயுற்ற ஏழைக்கு அவனது பணத்தில் மருந்து கிடைப்பதையும் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுவது ஓர் அரசுக்கு அழகல்ல.