'எளிது' என்றால் யாருக்கு எளிது?

அன்புள்ள பழைய மாணவ மாணவிகளே, உறவுகளே,

விடுமுறை நெருங்கினாலே எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன. "சார், பிள்ளைகளோடு போக ஈஸியான ட்ரெக்கிங் பாதை ஏதாவது சொல்லுங்களேன்." "சித்தப்பா, அம்மாவையும் கூட்டிப் போகிறோம், அவரால் நடக்க முடிகிற மாதிரி ஒரு மலை சொல்லுங்கள்." எல்லோருக்கும் தனித்தனியாக டைப் அடிக்க விரல் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். வகுப்பில் நாற்பது நிமிடம் பொறுத்தவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்டதற்குப் பதில். என் ஓட்டு கோத்தகிரிக்கு. ஊட்டியும் கொடைக்கானலும் நெரிகின்றன. கோத்தகிரி இன்னும் சின்ன ஊர்தான். சுமார் 1,800 மீட்டர் உயரம். இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ்ஸில் 33 கி.மீ. சொந்த வண்டியில் போகிறவர்கள் நீலகிரிக்கான இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த ஏற்பாடு அது.

நடக்க என்ன இருக்கிறது? ஊரை ஒட்டி கன்னேரிமுக்கு. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து வீடு கட்டிய இடம். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். தேயிலைத் தோட்டங்களையும் படுகர் ஹட்டிகளையும் பார்த்துக்கொண்டே நடந்து போகலாம். ஊரிலிருந்து மூன்று கி.மீ. தூரத்தில் லாங்வுட் சோலை. மொத்தமே 116 ஹெக்டேர்தான். ஆனால் 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. "சதுப்பு நிலத்துக்குத்தானே அந்தப் பட்டியல், காட்டுக்கு எப்படி?" என்று கேட்கிறவர்களுக்கு முழு மதிப்பெண். சோலைக்காடு மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சுற்றியுள்ள கிராமங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நீங்கள் எல்லோரும் கேட்பது 'ஈஸி' பாதை. விடுதிக்காரரும் யூடியூப் தம்பியும் சொல்வதும் அதே 'ஈஸி'. இரண்டு பேரும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்களா? இல்லை என்பதுதான் என் வாதம்.

நமக்குத் தெரிந்த பாதைகளையே எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கி.மீ. எழுபது வயதுப் பாட்டிகள் வெறுங்காலோடு சுற்றி வந்துவிடுகிறார்கள். திருப்பதிக்கு நடந்து ஏற இரண்டு வழி. அலிபிரி வழி சுமார் 9 கி.மீ., 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு சுமார் 2 கி.மீ.தான், 2,388 படிகள். தூரத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது எளிது. முழங்காலைக் கேட்டுப் பாருங்கள், வேறு பதில் சொல்லும். 14 கி.மீ. தார்ச்சாலையில் சிரமப்படாத பாட்டி, ஈரமான வேர்களும் உருளும் கற்களும் உள்ள இரண்டு கி.மீ. சோலைப் பாதையில் திணறலாம். அவருக்குப் பலம் குறைந்துவிடவில்லை. தரை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

என் உறவில் ஒரு அக்கா, வயது 66, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர். போன வருடம் ஒரு மலையூரில் தங்கியபோது விடுதியில் "பத்து நிமிஷ ஈஸி வாக்தான் மேடம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்ன பையனுக்கு இருபது வயது, அந்த மலையிலேயே பிறந்தவன். அவனுக்குப் பத்து நிமிடம்தான், பொய் இல்லை. அக்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்கும்போது கணுக்கால் பிசகியது. மூன்று வாரம் கட்டு. இதில் யாரும் ஏமாற்றவில்லை. 'ஈஸி' என்ற ஒரு சொல் இரண்டு உடம்புக்கு இரண்டு பொருள் தந்தது.

ஆகவே எளிது என்பது பாதையின் குணம் மட்டும் அல்ல. பாதை, நடப்பவர், மாதம் மூன்றும் சேர்ந்த கணக்கு அது. கணக்கென்றால் எண்கள் வேண்டும்.

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு எளிய விதி சொன்னார். இன்றைய அளவில் ஏறத்தாழ இப்படி: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நான்கு கி.மீ. பாதை, 300 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 78 நிமிடம். இது நடந்து பழகிய ஆளுக்கு, நிற்காமல் போனால். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் கூட வந்தால் நான் இரண்டால் பெருக்குவேன். கே.கே. நகர் சிவன் பூங்காவில் தினமும் பத்துச் சுற்று போகிறேனே என்பவர்களும் பெருக்கத்தான் வேண்டும். பூங்காவில் ஏற்றம் கிடையாது. 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் நம் சென்னையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அது நோய் தரும் உயரம் இல்லை, ஆனால் மூச்சு சீக்கிரம் வாங்கும்.

மாதத்தையும் கணக்கில் சேருங்கள். கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையை நன்றாகவே வாங்குகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் எத்தனை உயிர்கள் போயின என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஜனவரியில் எளிதான பாதை நவம்பரில் எளிதல்ல. கோடையில் வேறு ஆபத்து, தீ. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் சென்னையிலிருந்து போன இளம்பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். வார இறுதியில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவர்கள்தான்.

அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு வைத்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக அனுப்புகிறது. லாங்வுட் சோலையும் அந்தப் பட்டியலில் உண்டு. தீப்பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 'எளிது' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் தமிழில் ஒரு பலகை வேண்டும். மொத்த ஏற்றம் எவ்வளவு, தரை எப்படி, குழந்தையோடு போனால் எவ்வளவு நேரம், நடுவில் திரும்ப வழி உண்டா, கடைசிக் கழிப்பறை எங்கே என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகைகளில் நடக்கும் நேரத்தையே எழுதி வைக்கிறார்கள், கடினத்தை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். நம்மால் முடியாத காரியமா இது? ஒரு பலகை, கொஞ்சம் பெயின்ட், ஒருமுறை நடந்து அளக்க ஒரு ஆள்.

இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் வரும் என்று தெரியும்.

ஒன்று, "நடப்பதற்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" என் பதில்: பணம் உங்கள் காலுக்காக அல்ல, கண்ணுக்காக. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே கரடியும் காட்டுமாடும் வரும். புதரில் சலசலப்பு கேட்டால் நாம் செல்போனை எடுப்போம். அந்த ஊர்ப் பிள்ளை நம்மை நிறுத்துவான். அலிபிரி பாதையில் 2023 ஆகஸ்டில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. படிக்கட்டும் கூட்டமும் இருந்த பாதை அது. அதன் பிறகு கைத்தடி கொடுத்தார்கள், குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள். காட்டில் படிக்கட்டு போட்டாலும் அது காடுதான். ஆனால் கட்டணம் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிற அளவில் இருக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. நாலு பேர் குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினால், அனுமதி இல்லாத பாதைக்குத்தான் போவார்கள்.

இரண்டாவது, "பலகை வைத்தால் கூட்டம் வந்துவிடும், காடு கெட்டுவிடும்." இதில் நியாயம் இருக்கிறது. 116 ஹெக்டேர் காடு நம் ஆரவாரத்தைத் தாங்காது. ஆனால் கூட்டம் பலகையால் வருவதில்லை, ரீல்ஸால் வருகிறது. பலகை சொல்வது "நீ வரலாமா" என்பதை. பலருக்கு அது "வேண்டாம், தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நடந்துவிட்டுப் போ" என்றும் சொல்லும். அதுவும் நல்ல பதில்தான். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பையும் கண்டிப்பாகக் காக்க வேண்டும்.

பலகை வரும்வரை என்ன செய்வது? யார் 'ஈஸி' என்று சொன்னாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். எவ்வளவு ஏற்றம்? தரை எப்படி? உங்களுக்கு அல்ல, அறுபது வயதானவருக்கு எவ்வளவு நேரம்? நேற்று மழை பெய்ததா? பாதியில் திரும்ப வேண்டுமானால் எப்படி? மூன்றுக்காவது தெளிவான பதில் இல்லையென்றால் ஓட்டல் வராந்தாவில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள். பாதி வழியில் திரும்புவது தோல்வி இல்லை. கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், மற்றவர்கள் பின்னால் வரட்டும். வேகமான ஆள் முன்னால் போனால் பாட்டி 'எனக்காக நிற்கிறார்களே' என்று கூச்சப்பட்டு, முடியாததையும் முடியும் என்பார்.

வனத்துறையிலும் சுற்றுலாத் துறையிலும் நம் மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். மென்பொருளில் இருப்பவர்கள் கணக்கே இல்லை. மேலே சொன்ன பலகையை யாராவது ஒரு பாதைக்காவது செய்து காட்டுங்கள். பிழை திருத்தும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் வேண்டாம்.

கோத்தகிரிக்கு ஏற்கெனவே போய் வந்தவர்கள், பெரியவர்களோடு நடந்த பாதை எது, எவ்வளவு நேரம் ஆனது என்று கீழே எழுதுங்கள். 'சூப்பர்', 'செம' என்பதெல்லாம் வேண்டாம். எண்களாக எழுதுங்கள். அடுத்த குடும்பத்துக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் சார்,
அசோக் நகர்