ஒரு நாள் தொண்டு போதுமா?



தீபாவளி நெருங்கும் போதெல்லாம் எங்கள் ரிங்லெட் வட்டாரத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “இவ்வாண்டு மாணவர்களை எந்தக் குழந்தைகள் இல்லத்திற்கு அழைத்துச் செல்லலாம்?” பல ஆண்டுகளாக அந்த ஏற்பாட்டை முன்நின்று செய்தவள் நான். அரிசி மூட்டை, முறுக்கு, புத்தாடை, பாட்டு, குழுப்படம். மாலையில் மனநிறைவோடு மலையேறி வீடு திரும்பிவிடுவோம்.

ஒருமுறை ஏழு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி என் விரலைப் பற்றிக்கொண்டு, “டீச்சர், அடுத்த வாரமும் வருவீங்களா?” என்று கேட்டாள். “வருவேன்” என்றேன். போகவில்லை. மறு ஆண்டு சென்றபோது அவள் அங்கில்லை. பொய் சொல்லக் கூடாது என்று வகுப்பில் கற்பிக்கும் நான், பிறரை நம்புவதற்கே அஞ்சும் ஒரு குழந்தையிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

இல்லங்களில் வாழும் குழந்தைகள் அனைவரும் பெற்றோரை இழந்தவர்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கம்போடியாவில் 2011ஆம் ஆண்டு வெளிவந்த யூனிசெஃப் ஆய்வு, அங்குள்ள இல்லக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதைக் காட்டியது. பார்வையாளர்களின் நன்கொடையே இல்லங்கள் பெருகக் காரணமாகிவிடுகிறது என்ற கவலையும் அதனால் எழுந்தது. நம் நாட்டிலும் 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் 20 இல்லங்களிலிருந்து 402 சிறுவர்களைக் காவல்துறை மீட்டதை நாம் மறந்துவிடலாகாது. 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி இல்லம் சமூக நலத்துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அரிசி மூட்டையைத் தூக்கும் முன் அந்தப் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

எல்லா இல்லங்களும் அப்படிப்பட்டவை என்று நான் கூறவில்லை. சுவாமி சத்தியானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜத்தில் அன்னை மங்களம் தம் வாழ்நாளையே ஆதரவற்ற குழந்தைகளுக்கு அளித்தார். 2023ஆம் ஆண்டு தமது 97ஆம் வயதில் மறையும்வரை அவர் அக்குழந்தைகளை விட்டு நீங்கவில்லை. அக்குழந்தைகள் பெற்ற பரிசுகளிலெல்லாம் பெரியது, நேற்றுப் பார்த்த முகத்தை இன்றும் பார்த்ததே.

இதே பாடத்தை ஒரு பல் மருத்துவ முகாமும் எனக்குக் கற்பித்தது. தோட்டப்புற மக்களுக்காகத் தன்னார்வலர்கள் நடத்திய அம்முகாமில் நான் பெயர் பதிவதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் சென்றிருந்தேன். எட்டு வயது மாணவன் ஒருவனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. “பால் பல்தானே டீச்சர், விழுந்து முளைக்கும்” என்றார் தாயார். அது பால் பல் அன்று. ஆறு வயதளவில் எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிலையான பல். அது போனால் மீண்டும் முளைக்காது. அதைக் காப்பாற்ற அவன் பலமுறை சிகிச்சைக்கு வரவேண்டும். முகாமோ அன்று மாலையே கலைந்துவிடும். ஆகவே பிடுங்கினார்கள். மருத்துவரை நான் குறை கூறேன். ஒரு நாளில் அவரால் செய்ய இயன்றது அதுவே.

இதற்கு மாற்று நம் நாட்டிலேயே உண்டு. பள்ளிப் பல் தாதியருக்கான பயிற்சி பினாங்கில் 1949ஆம் ஆண்டே தொடங்கியது. அரசுப் பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வருவதும் நமக்குப் பழக்கமானதே. மீண்டும் மீண்டும் வருவதே அதன் வலிமை. ஆனால், பெற்றோரின் கையொப்பம் இல்லாமல் திரும்பும் அனுமதிப் பாரங்களை நானே எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். காய்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைக்கும் தாய்க்கு, பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். தொண்டு செய்ய விரும்புவோர் நுழைய வேண்டிய இடம் இதுவே.

பதிவு பெறாதவர் பல்லுக்குச் சிகிச்சை அளிப்பது சட்டப்படி குற்றம். அது நம் வேலையும் அன்று. பாரத்தைத் தாயாருக்குப் படித்து விளக்கலாம். சிகிச்சை நாளன்று பெற்றோரின் அனுமதியோடு பிள்ளையை வண்டியில் அழைத்துச் செல்லலாம். முதலாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோரிடம் அந்த ஆறு வயதுப் பல்லைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம். இவற்றுக்குப் பதாகையும் தேவையில்லை, படக்கருவியும் தேவையில்லை.

“ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட ஒரு நாளேனும் செய்வது நல்லதல்லவா?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அரிசிக்கு அது பொருந்தும். எவர் கொடுத்தாலும் அரிசி பசியாற்றும். ஆனால் அன்பை ஒரு நாள் காட்டிவிட்டு மறைவது, ஏற்கெனவே கைவிடப்பட்ட குழந்தையை இன்னொரு முறை கைவிடுவதாகும்.

ஆகவே, என் மாணவர்களை இனி இல்லங்களுக்கு ஊர்வலமாக அழைத்துச் செல்வதில்லை என முடிவு செய்துள்ளேன். பொருளுதவி தொடரும். பதிவு பெற்ற இல்லம் ஒன்றில், பொறுப்பாளரின் அனுமதியோடு, மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்பிக்கிறேன். சென்ற மாதம் மழையில் மலைப்பாதை வழுக்கியது; போகாமலிருந்துவிடலாமா என்று தோன்றியது. போனேன். வாசலிலேயே புத்தகத்தோடு காத்திருந்தார்கள்.

உங்கள் பள்ளியிலும் இதுபற்றிப் பேசிப் பாருங்கள். பத்து இல்லங்களுக்கு ஒருமுறை செல்வதைவிட, ஓர் இல்லத்திற்குப் பத்துமுறை செல்வோம்.